பதினாலு போல்ட்டு ஆக்சில்

கொஞ்சம் நெருங்கி வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஒரு பழைய பிக்கப் வண்டியின் கதை சொல்லப்போகிறேன். வண்டிக் கதையில் என்ன இருக்கப்போகிறது என்று முகத்தைச் சுளிக்க வேண்டாம். முப்பத்தெட்டு மாடுகளின் தாகம் இதில் இருக்கிறது, பதினோரு வருஷத்துச் சண்டை ஒன்றும் இருக்கிறது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நெப்ராஸ்காவின் மணல்மேட்டுச் சீமையில் ஜூலை மாதம் காற்று நின்றுபோனால் மனிதர்கள் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தொட்டியைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். மேய்ச்சல் நிலத்துக்கு ஒரு காற்றாலை, அதன் காலடியில் ஒரு வட்டத் தொட்டி. காற்று சுற்றினால் தண்ணீர் ஏறும். சுற்றாவிட்டால் வீட்டுக் கிணற்றிலிருந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அந்த வருஷம் காற்று நான்கு நாளாக அசையவில்லை. புல்நுனி அசையவில்லை. துவைத்துப் போட்ட துணி கொடியில் பலகை மாதிரி தொங்கியது.

ஆர்டித் வோபாட்டுக்கு அறுபத்திரண்டு வயது. கணவன் எல்டன் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. எட்டு மைல் தள்ளிய மேய்ச்சலில் அவளுடைய முப்பத்தெட்டு பசுக்களும் அவற்றின் கன்றுகளும் நின்றன. வெயிலில் ஒரு பசு ஒரு நாளைக்கு நாலு குடம் ஐந்து குடம் குடித்துவிடும். ஆர்டித் தன் பழைய பிக்கப்பின் முதுகில் தண்ணீர் டாங்கைக் கட்டி, நாளைக்கு நாலு நடை போய் வந்தாள். மாட்டை வீட்டுக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிடலாமே என்று கேட்பீர்கள். அந்த வெயிலில், தண்ணீரில்லாத எட்டு மைல் மணலில், பால்குடி மறக்காத கன்றுகளை ஒற்றை ஆளாய் ஓட்டினால் பாதிதான் வந்து சேரும். வேறு வண்டி கேட்கலாமே என்றும் கேட்பீர்கள். அந்த வாரம் யாருடைய வண்டியும் சும்மா நிற்கவில்லை. அவரவர் மாட்டுக்கு அவரவர் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை மூன்றாவது நடையில் வண்டியின் பின்பக்கம் ஊளையிட ஆரம்பித்தது. முதலில் தூரத்து நாய் போல, பிறகு பக்கத்து நாய் போல. ஆர்டித் இறங்கிப் பார்த்தாள். இடது பின்சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் வழிந்து, அதில் மணல் ஒட்டி, கருப்பட்டிப் பாகு மாதிரி ஆகியிருந்தது. கை வைத்தால் சுட்டது. நடைவேகத்தில் வீடு வந்து சேர்ந்தாள். தொட்டியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் விட்டிருந்தாள். அது புதன்கிழமை வரை வரும். அதற்கு மேல் வராது.

ஊரில் உதிரிபாகக் கடை வைத்திருந்தவன் டெல்பர்ட். ஆர்டித் சமையலறைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"டெல்பர்ட், பின்னாடி சக்கரத்துப் பேரிங் போச்சு. எண்ணெய் கசியாம தடுக்கிற சீலும் போச்சு. ஒரு செட்டு அனுப்பு."

"அனுப்பறேன் ஆர்டித்தம்மா. எந்த ஆக்சிலுக்கு?"

"எந்த ஆக்சிலுக்குன்னா? என் வண்டியில இருக்கிற ஆக்சிலுக்கு."

"அது தெரியுது. அதே வண்டிக்குக் கம்பெனிக்காரன் பின்னாடி அச்சை, அந்த ஆக்சிலை, மூணு விதமா போட்டிருக்கான். முன்சீட்டுக்கு எதிரே இருக்கிற கையுறைப் பெட்டிக்குள்ள ஒரு காகிதம் ஒட்டியிருக்கும், பாருங்க. ஜி எழுத்துல ஆரம்பிச்சு ஒரு குறி இருக்கும்."

அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்து குறியைப் படித்தாள்.

"சரி. இப்போ அடியில போய் ஆக்சில் நடுவுல பானை மாதிரி உப்பியிருக்கும் பாருங்க, அதோட மூடியில எத்தனை போல்ட்டுன்னு எண்ணிட்டு வாங்க."

"என் வயசுக்கு என்னைத் தவழ விடுறே."

"எங்கம்மாவும் இதையேதான் சொல்றாங்க, பேரப்பிள்ளையைத் தூக்கச் சொன்னா. போய் எண்ணுங்க."

அவள் மல்லாந்து படுத்து, புழுதியைத் துடைத்துத் துடைத்து எண்ணினாள். பதினாலு. சந்தேகத்துக்கு இன்னொரு முறை எண்ணினாள். பதினாலுதான். உடம்பெல்லாம் மணலோடு சமையலறைக்குத் திரும்பினாள்.

"பதினாலு."

"காகிதமும் பதினாலுன்னுதான் சொல்லுது. ரெண்டும் ஒத்துப்போச்சு. புதன்கிழமை தபாலோட வரும்."

அந்தப் பக்கத்தில் எல்லோரும் போல்ட்டைத்தான் எண்ணுவார்கள். பத்தா, பன்னிரண்டா, பதினாலா. எண்ணிக்கை சொன்னால் போதும், கடைக்காரன் பெட்டியை எடுத்துவிடுவான். அப்பன் காலத்திலிருந்து அப்படியே நடந்து வந்ததால், போல்ட்டைத் தவிர வேறொன்றையும் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. டெல்பர்ட்டுக்கும் அன்று தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆர்டித் ஞாயிறு சர்ச்சுக்குப் போகும் காரின் பின்னிருக்கையைக் கழற்றி வைத்துவிட்டு ஆறு பால் கேன்களில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு போனாள். முதல் நடை போய்ச் சேர்ந்தது. இரண்டாவது நடையில் கார் அச்சு வரை மணலில் புதைந்துகொண்டது. மண்வெட்டியால் தோண்டி வெளியே எடுக்க அரைநாள் ஆயிற்று. ஆறு கேன் தண்ணீரை முப்பத்தெட்டு பசுக்கள் முத்தமிட்டுத் தீர்த்துவிட்டன. அவற்றின் கண்களைப் பார்க்க முடியாமல் அவள் சீக்கிரம் திரும்பினாள்.

புதன்கிழமை பத்து மணிக்குத் தபால் கொண்டுவரும் ட்வைலா வந்தாள். அந்தச் சீமையில் தபால் வண்டி வாரத்துக்கு மூன்று நாள் வரும். கடிதத்தைவிடக் கடிதம் அல்லாததுதான் அதில் அதிகம் இருக்கும். தடுப்பூசி மருந்து, டிராக்டர் பெல்ட்டு, கோழிக்குஞ்சுப் பெட்டி, யாரோ ஒருவருடைய பல்செட்டு.

"இந்தா உன் பேரிங். டெல்பர்ட் கைப்பட எழுதியிருக்கான், ஜாக்கிரதையா இருக்கணுமாம், கழுத்து மேல வண்டி விழுந்துடப்போகுதாம்."

"விழுந்தா யாரு மாட்டுக்குத் தண்ணி காட்டறது? அதெல்லாம் விழாது."

"லூமிர் டூமாவைக் கேட்டா வந்து பிடிப்பானே. அவன் வேலிக்கு அந்தப்பக்கம்தானே."

"ட்வைலா, உன் தபாலைப் பார்த்துக்கிட்டுப் போ."

இந்த இடத்தில் அந்தச் சண்டையைச் சொல்லிவிடுகிறேன். லூமிர் டூமா பக்கத்து நிலத்துக்காரன், எழுபதை நெருங்கியவன், கல்யாணம் செய்துகொள்ளாதவன். பதினோரு வருஷத்துக்கு முன் அவனுடைய காளை வேலி தாண்டி வந்து ஆர்டித்தின் இளங்கிடாரிகளைக் காலமில்லாக் காலத்தில் சினையாக்கிவிட்டது. அந்த வசந்தத்தில் கன்றுகளுக்குச் சூட்டுக்குறி போடும் நாளில், ஊரே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும்போது, ஆர்டித் கையில் உருளைக்கிழங்குப் பாத்திரத்தோடு நின்று சொன்னாள்: "லூமிர், உன் வேலியும் உன் வார்த்தையும் ஒரே மாதிரி. ரெண்டும் நிக்காது." ஊர் சிரித்தது. லூமிர் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனான். அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. சாலையில் எதிரெதிரே வரும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவார்கள். அதையும் தூக்காமல் போவது அந்த நாட்டில் மனிதர்கள் செய்யக்கூடிய காரியமில்லை.

ட்வைலா போனதும் ஆர்டித் வேலையில் இறங்கினாள். வண்டியை ஜாக்கியில் தூக்கி, மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து, எண்ணெய்ச் சட்டியை வைத்து, பதினாலு போல்ட்டையும் கழற்றினாள். மூடி திறந்ததும் கறுத்த எண்ணெய் மடமடவென்று கொட்டியது. டெல்பர்ட் எழுதி அனுப்பியிருந்தான்: உள்ளே தண்டின் நுனியில் குதிரை லாடம் மாதிரி ஒரு சின்ன கிளிப் இருக்கும், அதை எடுத்தால் தண்டு வெளியே வரும். அவள் டார்ச்சு அடித்துப் பார்த்தாள். கிளிப் இல்லை. விரலை விட்டுத் தடவினாள். கிளிப் இருந்த அடையாளம்கூட இல்லை. புதுப் பேரிங்கை எடுத்துச் சக்கரத்துப் பக்கம் ஒப்பிட்டுப் பார்த்தாள். சின்னப் பையனின் அரைக்கால் சட்டையை ஆறடி ஆளுக்குப் போட்டுப் பார்ப்பது போல் இருந்தது.

கையைக்கூடத் துடைக்காமல் தொலைபேசியை எடுத்தாள்.

"டெல்பர்ட், கிளிப் இல்லை."

"இருக்கும். நல்லாப் பாருங்க."

"எனக்குக் கண்ணு தெரியும்பா. இல்லை."

டெல்பர்ட்டின் குரல் இறங்கியது. "ஆர்டித்தம்மா, சக்கரத்து நடுவுல என்ன இருக்கு? தட்டையா இருக்கா, இல்ல ஏதாச்சும் வெளியே நீட்டிக்கிட்டு இருக்கா?"

"நீட்டிக்கிட்டுதான் இருக்கு. சர்பத் டம்ளர் கவுத்து வச்ச மாதிரி. சுத்தி எட்டு சின்ன போல்ட்டு. என் முழங்கால்ல இருக்கிற தழும்பு அதுல இடிச்சு வந்ததுதான்."

"அடக் கடவுளே. அதை நான் திங்கட்கிழமையே கேட்டிருக்கணும். பதினாலு போல்ட்டுல ரெண்டு சாதி உண்டு. ஒண்ணுல தண்டே சக்கரத்தைத் தாங்கும், அது சின்னது. இன்னொண்ணுல சக்கரத்து நடுக்குடம், அந்த ஹப்புதான் பாரத்தைத் தாங்கும், தண்டு சும்மா சுத்த மட்டும்தான். நடுவுல நீட்டிக்கிட்டிருந்தா அது பெரிய சாதி. ஒரு டன் வண்டிக்குப் போடறது. அது உங்க வண்டிக்கு வந்ததே இல்லையே."

"காகிதம் சொல்லுச்சே."

"காகிதம் வண்டி பிறந்தப்போ எழுதினது. அதுக்கப்புறம் யாரோ ஆக்சிலையே மாத்தியிருக்காங்க. எல்டன் மாத்தினாரா?"

"என்கிட்ட சொல்லாம எல்டன் சட்டைகூட மாத்தமாட்டான்."

"சரி, கேளுங்க. மூணு மணிக்குள்ள சொன்னீங்கன்னா கிடங்கு லாரியில வரவழைச்சு வெள்ளிக்கிழமைத் தபால்ல போட்டுடுவேன். ஆனா எந்த வருஷத்து ஆக்சில்னு தெரியணும். நடுவுல சீலோட அளவை மாத்திட்டானுங்க. இன்னொரு தடவை தப்பா அனுப்பினா அப்புறம் திங்கட்கிழமைதான்."

திங்கட்கிழமை என்றால் மாடுகள் இருக்காது.

"ஆக்சில் குழாய்க்கு மேல் பக்கம் நம்பர் இருக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்ங்க," என்றான் டெல்பர்ட்.

மணி பன்னிரண்டரை. ஆர்டித் மறுபடி மல்லாந்து படுத்தாள். தலைக்கு மேல் கை நீட்டித் தேய்த்தாள். மணலும் துருவும் கண்ணில் விழுந்தன. நம்பர் இருந்த இடத்தை உப்பும் பனியும் தின்றிருந்தன. ஒரு மூன்று தெரிந்தது, அல்லது எட்டாக இருக்கலாம். அவள் பக்கத்தில் தேய்த்தாள். கொஞ்சம் தள்ளித் தேய்த்தாள். துருவுக்கு அடியில் நிறம் ஒன்று வந்தது. வெளுத்த பச்சை. ஆஸ்பத்திரிச் சுவருக்கு அடிப்பார்களே, அந்தப் பச்சை.

பிரஷ் அப்படியே நின்றது. அந்தச் சீமையில் அந்தப் பச்சை ஒரே ஒரு ஆளிடம்தான் உண்டு. ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துச் சுவருக்கு வாங்கி மிஞ்சிய பெயிண்டு பீப்பாய் ஒன்றை ஏலத்தில் எடுத்து, இருபது வருஷமாக லூமிர் டூமா தன் கேட்டு, தபால்பெட்டி, நாய்வீடு, ஏர், கலப்பை, வண்டியின் மேலே கீழே உள்ளே என்று எல்லாவற்றுக்கும் அதையே அடித்துத் தீர்த்தான். திருடு போனால் தூரத்திலிருந்தே தெரியுமாம்.

அவள் வண்டிக்கடியிலேயே கொஞ்ச நேரம் கிடந்தாள். போகாமல் இருக்க ஏதாவது வழி உண்டா என்று யோசித்தாள். பிறகு தொட்டியை நினைத்தாள். எழுந்து காரை எடுத்தாள்.

லூமிர் தன் வீட்டு முன்னால், வைக்கோல்புல் வெட்டும் கத்திப் பற்களைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தான். கார் வந்து நின்றதையும் அதிலிருந்து அவள் இறங்கியதையும் நிமிர்ந்து பார்த்தான். சாணைக்கல்லை நிறுத்தவில்லை. அவனுடைய நாய்தான் எழுந்து வந்து அவள் கையிலிருந்த கிரீஸை மோந்து பார்த்தது.

"லூமிர்," என்றாள். பதினோரு வருஷம் சொல்லாத பெயர். "என் வண்டிக்கு அடியில உன் பெயிண்டு இருக்கு."

சாணைக்கல் மெல்லச் சுற்றி நின்றது.

"எல்லாத்தையும் சுரண்டிட்டேன்னு எல்டன் சொன்னானே," என்றான் லூமிர்.

"மேல் பக்கம் சுரண்டல."

"அவன் எப்பவும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியற பக்கம் மட்டும் வேலை செய்வான்."

"எப்போ?"

லூமிர் கத்திப் பல்லைத் துணியில் துடைத்தான். மறுபக்கமும் துடைத்தான். "உனக்கு உடம்பு சரியில்லாத குளிர்காலம்."

நாலு வருஷத்துக்கு முந்திய குளிர்காலம் அது. மார்பில் கட்டி. நார்த் பிளாட் ஊர் ஆஸ்பத்திரிக்குத் தொண்ணூறு மைல், வாரத்துக்கு இரண்டு தடவை. அந்தப் பயணங்களில் ஆர்டித்துக்கு நினைவிருந்ததெல்லாம் முகத்துக்குப் பக்கத்தில் ஜன்னல் கண்ணாடியின் குளிரும், மடியில் இருந்த பிளாஸ்டிக் வாளியும், பேசாமல் ஓட்டும் எல்டனும்தான். வண்டிக்கு எத்தனை சக்கரம் என்று கேட்டிருந்தால்கூட அப்போது அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

"முதல் வாரத்துலயே உங்க வண்டி ஆக்சில் உடைஞ்சது," என்றான் லூமிர். "பனியில பல் எல்லாம் தெறிச்சுப்போச்சு. எல்டன் என் வாசல்ல வந்து நின்னான். அவனும் பேச மாட்டான், நானும் பேச மாட்டேன், சாமி சிலை மாதிரி ரெண்டு பேரும் நின்னோம். அப்புறம் அவன், 'வியாழக்கிழமைக்குள்ள அவளைக் கொண்டுபோகணும்'னான். வாங்கலாம்னா எங்கயும் கிடைக்கல. என் வண்டியில இருந்ததைக் கழட்டினோம். மூணு நாள். விரலெல்லாம் இரும்புல ஒட்டிக்கிச்சு."

"உன் வண்டியில இருந்ததையா?"

"வேற எங்க இருந்து? ஆக்சில் மரத்துலயா காய்க்குது?"

"அப்போ உனக்கு வண்டி?"

"குதிரை இருந்துச்சே. அந்தக் குளிர்காலம் நான் எங்க போகப்போறேன்."

அந்த மூன்று நாளும் எல்டன் கொட்டகையில்தான் இருக்கிறான் என்று நினைத்து, படுக்கையிலிருந்தே அவனைத் திட்டியது ஆர்டித்துக்கு ஞாபகம் வந்தது. நான் இங்கே சாகக் கிடக்கிறேன், உனக்கு இரும்போடு கொஞ்சல் என்று.

"ஏன் என்கிட்ட ஒருத்தரும் சொல்லல?"

"நான்தான் சொல்லக்கூடாதுன்னேன். தெரிஞ்சா நீ அந்த வண்டியில ஏறியிருப்பியா?"

அவள் யோசித்தாள். பொய் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தாள். "ஏறியிருக்க மாட்டேன்."

"அதான்."

"அன்னிக்கு அந்தச் சாப்பாட்டு மேசையில நான் சொன்னது…"

"வேலி நிக்கலைன்னு சொன்னே. அது நெசம்தான், நானே போய்ப் பார்த்தேன், கம்பமெல்லாம் உளுத்துப் போயிருந்துச்சு." லூமிர் தொப்பியைச் சரிசெய்தான். "வார்த்தை நிக்காதுன்னும் சொன்னே. நாலு வருஷம் வாயைத் திறக்கல, பார்த்தியா."

ஆர்டித்துக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்து, இரண்டும் வெளியே வராமல் இருமலாக முடிந்தது. லூமிர் அவளுக்கு வெட்கமாகிவிடக் கூடாதென்று நாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்போ என்ன போச்சு?" என்றான்.

"இடது பக்கப் பேரிங். சீல். மூணு மணிக்குள்ள எந்த வருஷத்து ஆக்சில்னு டெல்பர்ட்டுக்குச் சொல்லணும்."

"வா."

வீட்டுக்குப் பின்னால் முழங்கால் உயரப் புல்லில் அவனுடைய பழைய பச்சை வண்டி மரக்கட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தது. முன்சக்கரங்கள் இருந்தன. பின்னால் ஒன்றுமில்லை. ஆக்சில் இருந்த இடத்தில் காட்டுச் சூரியகாந்தி முளைத்து, பெட்டியின் ஓட்டை வழியாகத் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. ஆர்டித் அந்த வெற்றிடத்தையே பார்த்தாள். அங்கிருந்த இரும்பின் மேல் உட்கார்ந்துதான் அவள் அந்தக் குளிர்காலம் முழுவதும் போய் வந்திருக்கிறாள்.

"வண்டி எண்பத்தொண்ணு," என்றான் லூமிர். "ஆனா எண்பத்தொண்ணுன்னு சொல்லிடாதே. இடது ஹப்பு என்னது இல்ல. பழசு வெடிச்சுப்போய், டெட்ரிக் மகன் கவுத்துப்போட்ட வண்டியில இருந்து எடுத்து மாட்டினேன். அது எண்பத்தொம்பது. வலது பக்கம் எண்பத்தொண்ணு, இடது பக்கம் எண்பத்தொம்பது."

"நம்பர் நல்லாத் தெரிஞ்சிருந்தா நான் எண்பத்தொண்ணுன்னு சொல்லியிருப்பேன்."

"சொல்லியிருந்தா தப்பான சீல்தான் வந்திருக்கும். இந்த ஊர்ல எந்த வண்டியும் ஒரு தாய் வயித்துல பிறந்தது இல்ல, ஆர்டித். காகிதத்தைக் கேட்டுப் பிரயோஜனமில்ல. ஆளைத்தான் கேட்கணும்."

அவன் வீட்டுத் தொலைபேசியிலிருந்தே டெல்பர்ட்டிடம் பேசினார்கள். மணி இரண்டு பத்து. டெல்பர்ட் எல்லாவற்றையும் இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னான். மூடிக்கு அடியில் வைக்கும் கேஸ்கட்டும் எண்ணெயும் சேர்த்து எழுதிக்கொண்டான். "யாரோட வீட்டுல இருந்து பேசறீங்க?" என்று கேட்டான். "உனக்கெதுக்கு?" என்றாள் ஆர்டித். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

அவள் வெளியே வந்தபோது லூமிர் தன் இப்போதைய வண்டியில் தண்ணீர் டாங்கை ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தான்.

"நான் கேட்கல, லூமிர்."

"நீ கேட்கலைன்னு மாட்டுக்குத் தெரியாது."

"உன் மாட்டுக்கு?"

"காலையிலயே ஊத்திட்டேன். என் தொட்டி பெரிசு. நீ காரை ஓரமா விடு, வழியை மறிக்குது."

அன்று மாலை வரை இரண்டு நடை, வியாழக்கிழமை நாலு நடை லூமிர் ஓடினான். ஆர்டித் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுகளைத் திறந்து மூடினாள். அதிகம் பேசவில்லை. பதினோரு வருஷத்துப் பேச்சை ஒரே நாளில் அவிழ்த்தால் இருவருக்கும் மூச்சு முட்டியிருக்கும். வியாழன் மத்தியானம் அவள் கசகசா வைத்த கோலாச்சி என்ற இனிப்பு ரொட்டி ஒரு தட்டு கொண்டுவந்து இருக்கைக்கு நடுவில் வைத்தாள். லூமிர் ஒன்றை எடுத்துக் கடித்து, மென்று, "எல்டனோட அம்மா இன்னும் கொஞ்சம் இனிப்பாப் பண்ணுவா," என்றான். பிறகு ஐந்து சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை ட்வைலா வழக்கத்தைவிட முக்கால் மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டாள். பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"தபால் தாமதமாகாதா?" என்றாள் ஆர்டித்.

"எல்லாரும் இதைத்தான் கேட்கக் காத்துக்கிட்டு இருக்காங்க. பார்க்காமப் போனா எந்த வீட்டுலயும் என்னை விடமாட்டாங்க."

ஆகவே ட்வைலா சாட்சியாக நிற்க, லூமிர் எட்டு சின்ன போல்ட்டையும் கழற்றித் தண்டை உருவினான். கிணற்றிலிருந்து கயிற்றை இழுப்பதுபோல் அது வந்துகொண்டே இருந்தது. ஹப்பைக் கழற்றியபோது பழைய பேரிங்கின் உருளைகள் உடைந்து அவன் உள்ளங்கையில் கொட்டின. ஆர்டித் புதுப் பேரிங்கில் கிரீஸை உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி ஊட்டினாள், மறுபக்கம் பிதுங்கி வரும்வரை. சீலை வைத்து லூமிர் மரக்கட்டையால் தட்டினான். இரண்டு தட்டு. இடைவெளி ஒரு மயிரிழைகூட இல்லாமல் அது போய் உட்கார்ந்தது.

"உட்கார்ந்துடுச்சா?" என்றாள் ட்வைலா.

"உட்கார்ந்துடுச்சு," என்றான் லூமிர். "நீ கிளம்பு."

மூடியை மாட்டி, எண்ணெய் ஊற்றி, சக்கரத்தை இறக்கினார்கள். ஆர்டித் டாங்கை நிரப்பிக்கொண்டு தானே ஓட்டிப் போனாள். லூமிர் தன் வண்டியில் இன்னொரு டாங்கோடு பின்னால் வந்தான். எட்டு மைலும் அவள் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு பின்பக்கத்தைக் கேட்டபடியே போனாள். மணலில் சக்கரம் உரசும் சத்தம் மட்டும்தான் வந்தது.

மாடுகள் வண்டியைக் கண்டு ஓடிவந்து தொட்டியைச் சுற்றி நெருக்கின. குழாயைத் திறந்ததும் முதல் வரிசை மூக்கைத் தண்ணீரில் முக்கியது. பின்னால் நின்றவை முன்னால் நின்றவற்றின் முதுகில் தாடையைப் போட்டுக்கொண்டு காத்திருந்தன. ஆர்டித் தொட்டி விளிம்பில் கை வைத்து அவற்றின் கழுத்தில் தண்ணீர் மிடறு மிடறாக இறங்குவதைப் பார்த்தாள். லூமிர் சற்றுத் தள்ளித் தன் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

இப்போது சொல்லாவிட்டால் இனி வாய் வராது என்று அவளுக்குத் தெரிந்தது.

"லூமிர், ஆஸ்பத்திரிக்கு இருபத்திரண்டு தடவை போனேன். இருபத்திரண்டு தடவையும் திரும்பி வந்தேன்."

அவன் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ கொடுத்ததால வந்தேன். எல்டன் இருந்தப்போவே உனக்கு நான் சொல்லியிருக்கணும். தெரியாமப் போச்சு. இப்போ சொல்றேன். ரொம்ப நன்றி. அடுத்த வாரம் உன் புல்லை வரிசை கட்டிக் கூட்டறதுக்கு நான் வர்றேன், முடியற வரைக்கும் வர்றேன். வேண்டாம்னு சொல்லாதே."

லூமிர் தொப்பியைக் கழற்றி, உள்ளே ஏதோ எழுதியிருப்பதுபோல் பார்த்து, மறுபடி போட்டுக்கொண்டான். கண்ணில் விழுந்த வெயிலுக்காகவோ என்னவோ முகத்தை ஒருமுறை துடைத்தான்.

"செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு ஆரம்பிக்கிறேன்," என்றான். பிறகு மாடுகளின் பின்வரிசையைக் கையால் காட்டினான். "போ, அடுத்த நடை கொண்டு வா. இன்னும் பன்னிரண்டு குடிக்கல."

ஆர்டித் வண்டியைத் திருப்பினாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. நீங்கள் வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டுத் தொட்டியில் எப்போதும் தண்ணீர் நிற்கட்டும், உங்கள் பிள்ளைகள் போன பாதையெல்லாம் பத்திரமாகத் திரும்பி வரட்டும். உங்களுக்குத் தெரியாமல் உங்களைத் தாங்கிக்கொண்டிருப்பவர் யார் என்று ஒருநாள் உங்களுக்குத் தெரியவரட்டும். அந்த நாளில் அவரும் நல்ல உடம்போடு தம் வாசலில் உட்கார்ந்திருக்கட்டும்.